பத்தி மூன்று மறுக்கப்படுகிறது

ஜூலை 14, திங்கள்

இன்றிலிருந்து நாட்குறிப்பைத் தமிழில் எழுதுகிறேன். கான்வென்டில் சிஸ்டர் பெர்னதெத் பழக்கிவிட்ட நாளிலிருந்து ஆங்கிலத்தில்தான் எழுதிவந்தேன். இப்போது என் ஆங்கிலத்தின் மேல் விசாரணை நடக்கிறது. அது முடியும்வரை வீட்டில் அதைப் புழங்குவதாக இல்லை.

சட்டக் கல்லூரியில் சட்ட ஆங்கிலத்தின் முதல் தேர்வுத் தாள் இன்று வந்தது. இருபத்தைந்துக்கு ஒன்பது. பேச்சுப் போட்டிகளில் வாங்கிய வெள்ளிக் கோப்பைகள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. ஒன்பது!

சுவரில் கசிவு ஏற்படுத்திய பக்கத்து வீட்டுக்காரருக்கு அறிவிப்பு எழுத வேண்டும் என்பது கேள்வி. 'மிகுந்த மனவேதனையோடு இதை எழுத நேர்கிறது' என்று ஆங்கிலத்தில் அழகாகத்தான் தொடங்கியிருந்தேன். காஜா முகைதீன் என்கிற அந்த ஆசிரியர், வயது முப்பத்தைந்துகூட இருக்காது, ஓரத்தில் சிவப்பு மையால் கேட்டிருந்தார்: 'எந்தச் சுவர்? எந்தத் தேதி? வேதனைக்கு ஆதாரம் என்ன?'

பக்கத்தில் உட்காருகிற இசக்கியம்மாள் என் தாளை எட்டிப் பார்த்தாள். திசையன்விளைக்காரி. பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழில்.

"மேடம், இது வக்கீல் நோட்டீஸ் கணக்கா இல்ல. பிரிஞ்சுபோன மாப்பிள்ளைக்கு எழுதுன லெட்டர் கணக்கா இருக்கு."

அவளுக்குப் பதினான்கு மதிப்பெண். அவள் ஆங்கிலத்தில் எந்தச் சொல் எங்கே வரும் என்பதைக் குலுக்கல் முறையில்தான் தீர்மானிக்கிறாள். ஆனால் சுவர், தேதி, அளவு எல்லாம் இருந்தது.

ஜூலை 17, வியாழன்

ஒவ்வொருவரும் எழுந்து நின்று, பிரமாணப் பத்திரத்தில் வருவதுபோல் தங்களை ஆங்கிலத்தில் அறிமுகம் செய்துகொள்ள வேண்டுமாம். இன்னாருடைய மகள் அல்லது மனைவி, சுமார் இத்தனை வயது, இன்ன இடத்தில் வசிப்பவர்.

"எனக்குச் சுமார் அறுபத்தொன்பது அல்ல. சரியாக அறுபத்தொன்பது" என்றேன்.

"நீதிமன்றத்துக்கு எல்லாருக்கும் சுமார்தாம்மா" என்றார் காஜா சார். "வீட்டுக்காரர் பேரு?"

எழுந்து போய்க் கரும்பலகையில் எழுதினேன். வாயால் சொல்லவில்லை. நாற்பத்து நான்கு வருடம் வாழ்ந்தேன், அவர் போய் மூன்று வருடம் ஆகிறது, இதுவரை சொன்னதில்லை. கான்வென்டில் படித்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிஸ்டரே ஒருமுறை கேட்டார். சில விஷயங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இசக்கி பின்னாலிருந்து, "சார், மேடத்துக்கு ஆன்சர் ஷீட்டு குடுத்துட்டீய" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் கொஞ்சம்.

ஜூலை 26, சனி

தண்ணீர் வரவில்லை. மோட்டார்க்காரரை வரச் சொன்னேன். தெற்கு பஜாரில் புதிதாக ஒரு பால் பாத்திரம் வாங்கினேன். பழையது பழையதாகிவிட்டது.

இசக்கி படிக்க வந்தாள். வாசற்படியிலேயே மூக்கைச் சுளித்தாள். "என்னமோ கருகின வாடை வருதே மேடம்."

எதிர்வீட்டில் குப்பை கொளுத்துகிறார்கள் என்றேன்.

ஆட்டோவில் திரும்பும்போதும் தகராறு. தெற்கு பஜார் முனையில் ஒருவன் அநியாய வாடகை கேட்டான். தரமாட்டேன் என்று நின்றேன். அடுத்தவனும் அதையே கேட்டான். நின்றேன். தெருமுனை ஸ்டாண்டின் கணேசன் கண்டு, நியாயமான வாடகைக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். அவ்வளவு நேரமும் இசக்கி எதிர்க்கடையில் போனில் பேசியபடி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாளாம். இப்போதுதான் சொல்கிறாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மகன் பரணி பெங்களூரிலிருந்து வீடியோவில் அழைத்தான். அம்மா என்ன படிக்கிறாய் என்று கேட்கவில்லை. ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டான். எந்த மாத்திரை, எத்தனை வேளை என்று கேட்டான். டாக்டர் ஜூனிலேயே ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டார் என்றேன். "அப்படியா" என்றான். நம்பாத 'அப்படியா'.

பேரனைக் கூப்பிட்டேன். "துரை, எப்படி இருக்கே?" அவனுக்குப் பத்து வயது. கையாட்டிவிட்டு ஓடிவிட்டான். பின்னால் மருமகள் சுமா கன்னடம் கலந்து ஏதோ சொன்னாள். பரணி திரும்பி என்னைப் பார்த்தான், மருத்துவமனையில் படுத்திருப்பவரைப் பார்ப்பதுபோல.

இரண்டாம் தேர்வு, பதினாறு. இந்த முறை பெயரடை ஒன்றுகூட இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

குடும்ப வாட்ஸப் குழுவில் பரணி நீளமாக எழுதியிருக்கிறான். எண் போட்டு.

ஒன்று, அம்மா அடுப்பை அணைக்க மறந்து பால் பாத்திரத்தைக் கருக்கிவிட்டாள், பக்கத்து வீட்டார் ஓடிவந்து அணைத்தார்கள். இரண்டு, தெற்கு பஜாரில் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றவளை ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டார். மூன்று, சொந்தப் பேரன் பெயர் மறந்து வேறு பெயர் சொல்கிறாள். நான்கு, மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஐந்து, கண்ணாடி முன் நின்று தனக்குத்தானே பேசுகிறாள்.

ஆகவே தீபாவளிக்கு முன் அம்மாவை பெங்களூருக்கு அழைத்துப்போவதாகவும், வீட்டை வாடகைக்கு விடுவதாகவும், இந்த வயதில் காலேஜ் அலைச்சலே மறதிக்குக் காரணம் என்றும், எல்லாரும் அம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லும்படியும்.

கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பதில் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். சேற்றில் இறங்கிச் சண்டை போடுகிற பெண்களாக எங்களை சிஸ்டர்கள் வளர்க்கவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

நாத்தனார் பிச்சம்மாள் வண்ணார்பேட்டையிலிருந்து வந்தாள். முறுக்கு கொண்டுவந்தாள். கைக்குழந்தையிடம் பேசுவதுபோல் நிறுத்தி நிறுத்தி, சத்தமாகப் பேசினாள்.

"மதினி... சாப்பிட்டியளா? நான் யாருன்னு தெரியுதா?"

"கல்யாணத்தன்று என் பட்டுப்புடவையில் பாயசத்தைக் கொட்டியவள்" என்றேன்.

அதற்கும் பரிதாபமாகத் தலையாட்டினாள். "பழசெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கும்னு டாக்டர்மாரே சொல்லுதாவ. புதுசுதான் நிக்காதாம்."

போகும்போது, "இந்த வயசுல வக்கீலாகி யாரை மதினி கூண்டுல ஏத்தப் போறிய? பேசாம பேரப்பிள்ளையோட போய் இருங்க" என்றாள்.

கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர்கூட இன்று ரெகுலேட்டரைத் தானே மாட்டி, மூடிக்காட்டி, திறந்துகாட்டி, "பாத்துக்கிடுங்கம்மா" என்றார். பரணி இவரிடமும் பேசியிருக்கிறான். கூடுதல் சாவியை ஒரு வீட்டுத் தரகரிடம் கொடுத்து வைத்திருக்கிறான் என்பதும் இன்றுதான் தெரிந்தது. அந்தத் தரகர் நான் கல்லூரிக்குப் போயிருந்தபோது வந்து, என் அறையை யாருக்கோ காட்டியிருக்கிறார். என் கட்டில் விரிப்பில் யாரோ உட்கார்ந்த சுருக்கம்.

யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று எதிருரை எழுதும் பயிற்சி. வாதி சொன்னதற்குப் பிரதிவாதி தரும் பதில். கற்பனை வழக்கு ஒன்றைக் காஜா சார் கொடுத்தார். பிரதிவாதி குத்தகைத் தோட்டத்தில் மரங்களை வெட்டினார், வேலியைப் பிடுங்கினார் என்று வாதி ஆறு பத்தி எழுதியிருந்தார்.

நான் ஒரே பத்தியில் முடித்தேன். 'இந்தக் குற்றச்சாட்டுகள் பதில் சொல்லும் தகுதியற்றவை. பிரதிவாதியின் வாழ்க்கையே அதற்குப் பதில்.' வாசித்தபோது எனக்கே சிலிர்த்தது.

காஜா சார் தாளை மேசையில் வைத்தார். "அருமையான இங்கிலீஷ்ம்மா. பிரதிவாதி தோத்துட்டார்."

"ஏன்?"

"மரம் வெட்டலைன்னு எங்க சொல்லியிருக்கீங்க?"

"அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?"

"ஆமா. ஒவ்வொரு பத்தியையும் எடுத்து, எண் போட்டு, குறிப்பா மறுக்கணும். குறிப்பா மறுக்காத எதுவும் ஒப்புக்கிட்டதாத்தான் சட்டம் எடுத்துக்கும். நீங்க பேசாம இருந்தது கௌரவமா, கோபமா, காது கேக்காததா, அதெல்லாம் நீதிபதிக்குத் தெரியாது. அவர் முன்னாடி இருக்கது காகிதம் மட்டும்தான்."

இசக்கி மெதுவாகச் சொன்னாள்: "எங்க ஊர்ல இப்படித்தான் மேடம். பேசாம இருந்தா கல்யாணமே பேசி முடிச்சிருவாவ."

பேருந்தில் வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தேன். விருந்துகளில் என் வீட்டுக்காரர் எல்லாரிடமும் சொல்வார்: "இவளுக்கு இங்கிலீஷ் தெரியும், உலகம் தெரியாது." எல்லாரும் சிரிப்பார்கள். நான் தட்டுகளில் இனிப்பு வைத்துக்கொண்டிருப்பேன். நல்ல மனிதர்தான். ஆனால் ஒருநாளும் நான் மறுக்கவில்லை.

தலைவலி. இன்று சமைக்கவில்லை. தயிர்சாதம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பரணியின் செய்தியை மறுபடி வாசித்தேன். ஐந்து பத்தி. கீழே என் பெயரில் ஒன்றுமே இல்லை. உட்கார்ந்து ஆங்கிலத்தில் எதிருரை எழுதினேன். பத்தி ஒன்று முதல் ஐந்து வரை அனைத்தும் பொய், அனைத்தும் குறிப்பாக மறுக்கப்படுகின்றன, வாதியே அவற்றைக் கண்டிப்பாக நிரூபிக்கக் கடமைப்பட்டவர்.

நன்றாக வந்திருக்கிறது. உடற்பயிற்சி செய்ததுபோல் இருக்கிறது.

செப்டம்பர் 18, வியாழன்

வகுப்பில் ஒரு பையன் எதிருரையில் எல்லாவற்றையும் மறுத்திருந்தான், வாதியின் முகவரி உட்பட. காஜா சார் சிரித்தார். "தம்பி, உங்க கட்சிக்காரர் அந்தத் தெருவுலதான் இருக்கார்னு எல்லாருக்கும் தெரியும். அதையும் மறுத்தா, நிஜமா மறுக்க வேண்டியதை யார் நம்புவா? உண்மையை ஒப்புக்கிடுங்க. அப்பத்தான் உங்க மறுப்புக்கு எடை இருக்கும்."

இசக்கி வீட்டுக்கு வந்தாள். என் எதிருரையை வாங்கிப் படித்தாள், உதடசைத்து, மெதுவாக. முடித்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். புதுப் பாத்திரத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். திரும்ப வைத்தாள்.

"இரண்டாவது பத்திக்கு நான் சாட்சி, மேடம். நீங்க அந்த ஆட்டோக்காரன்கிட்ட நின்ன நிலையைப் பார்த்தா வழி தெரியாத ஆள்னு ஒருத்தனும் சொல்லமாட்டான்."

"முதல் பத்தி?"

"முதல் பத்திக்கு நான் சாட்சி சொன்னா உங்களுக்கு நல்லதில்ல."

அவளை அனுப்பிவிட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான்.

அக்டோபர் 5, ஞாயிறு

பரணி போன் செய்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அத்தையோடு வருகிறானாம். தரகர் சாயங்காலம் வந்து முன்பணம் பேசுவார். நவம்பரில் தேர்வு இருக்கிறது என்றேன். "அம்மா, தேர்வு எழுதி என்னம்மா ஆகப்போகுது? உங்க நல்லதுக்குத்தான்" என்றான். அவன் குரலில் பயம் இருந்தது. அதைக் குறித்து வைக்கிறேன், ஏனென்றால் அதுவும் உண்மை.

அக்டோபர் 11, சனி

வீடு பெருக்கித் துடைத்தேன். மோர்க்குழம்பு, உருளைக்கிழங்கு பொரியல் நாளைக்கு. இசக்கிக்கு நானே போன் செய்தேன். வகுப்புக் குறிப்பு வேண்டும் என்றேன். குறிப்பு என்னிடம் இருப்பது அவளுக்குத் தெரியும். வந்தாள். அதைப்பற்றி இருவரும் பேசவில்லை.

முதல் பத்தியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். தாளில் அது சிறியதாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் பத்தியில் ஒரு பெயரை எழுத வேண்டும். எழுதிவிட்டேன். வாசிப்பதுதான் இருக்கிறது. கண்ணாடி முன் நின்று முயன்றேன். மற்றப் பத்திகள் சரளமாக வந்தன. அங்கே வந்ததும் நின்றுவிட்டேன்.

கடையில் நகல்கள் எடுத்தாயிற்று. எதிர்த்தரப்புக்கு நகல் கொடுக்காமல் எதுவும் படிக்கக்கூடாது.

அக்டோபர் 12, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பதினோரு மணிவாக்கில் வந்தார்கள். பரணி இளைத்திருக்கிறான். தரகரிடமிருந்து வாங்கிவந்த சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். காபி கொடுத்தேன். பிறகு ஆளுக்கொரு நகல் கொடுத்தேன்.

"என்னம்மா இது, கோர்ட் மாதிரி?"

"கோர்ட் மாதிரி இல்லை. கோர்ட்டாக இருந்தால் முதலிலேயே என்னையும் கேட்டிருப்பார்கள்."

பிச்சம்மாள் தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். "முழுக்க இங்கிலீஷு. எனக்கு என்னத்தைத் தெரியும் மதினி?"

"தமிழில் சொல்கிறேன். உட்கார்."

நின்றுகொண்டு வாசித்தேன். பத்தி ஒன்று ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஜூலை மாதத்தில் பிரதிவாதி அடுப்பில் பாலை வைத்துவிட்டு, சட்ட ஆங்கிலப் பாடம் படிக்க உட்கார்ந்து, மறந்துபோனாள். பாத்திரம் கருகியது. பக்கத்து வீட்டார் வந்து அணைத்தார்கள்.

பரணி உடனே திரும்பினான். "பாத்தீங்களா அத்தை, அவங்களே ஒத்துக்கறாங்க."

"ஒத்துக்கொண்டேன். அடுத்த வாக்கியமும் இருக்கிறது. வாசி."

அவன் வாசிக்கவில்லை. நான் சொன்னேன்: "அதற்குப் பிறகு பால் அடுப்பில் இருக்கும்போது பிரதிவாதி அடுக்களையை விட்டு வெளியே வருவதில்லை. உன் வீட்டில் ஒருநாளும் பால் தீய்ந்ததில்லையா?"

"மூணு தடவை" என்றாள் பிச்சம்மாள். "எங்க வீட்டுல. இந்த வருஷம்." பிறகு ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டவள்போல் காபியைக் குடித்தாள்.

இரண்டு மறுக்கப்படுகிறது. வழி தெரியாமல் நிற்கவில்லை, அநியாய வாடகை தரமாட்டேன் என்று நின்றேன், சாட்சி இசக்கியம்மாள். நான்கு மறுக்கப்படுகிறது, மாத்திரையை நிறுத்தியது டாக்டர், அவர் சீட்டு இணைக்கப்பட்டிருக்கிறது. ஐந்து, கண்ணாடி முன் பேசுவது வாய்மொழித் தேர்வுக்கான பயிற்சி. மதிப்பெண் இருபது.

"மூணை விட்டுட்டீங்கம்மா" என்றான் பரணி.

"கடைசியில் வைத்திருந்தேன். மறுக்கப்படுகிறது. என் பேரன் பெயர் எனக்குத் தெரியும்."

"அப்போ ஏம்மா துரை துரைன்னு கூப்பிடுறீங்க? சுமா எத்தனை தடவை கவனிச்சா தெரியுமா? ஒரு தடவைகூட நீங்க அவன் பேரைச் சொன்னதில்ல."

பிச்சம்மாள் தம்ளரைத் தரையில் வைத்தாள். "ஏலே, நீ என்ன சொல்லுத? மூணாவது அதா?"

"ஆமா அத்தை. குரூப்ல போட்டிருந்தேனே."

"குரூப்புல நான் எதையும் முழுசா வாசிக்கதில்லலே, கும்பிடுத பொம்மையப் போட்டுட்டுப் போயிருவேன்!" தலையில் அடித்துக்கொண்டாள். "ஏலே கிறுக்கா, உன் மவனுக்கு உங்க அப்பா பேரைத்தான வச்சிருக்க? கட்டுனவன் பேரை அவ எப்படிலே வாயால சொல்லுவா? உனக்குப் பேரு வைக்கத் தெரியுது, இது தெரியலையா?"

பரணி என்னைப் பார்த்தான். காதுகள் சிவந்திருந்தன. சின்ன வயதில் கணக்குத் தப்பினால் அப்படித்தான் சிவக்கும். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பிச்சம்மாள் எனக்காகப் பேசி முடித்துவிட்டாள். ஆனால் அதுவும் இன்னொருவர் எனக்காகப் பேசுவதுதான். நான் இன்னும் மறுக்கவில்லை.

"பிச்சம்மா, கொஞ்சம் பேசாமல் இரு" என்றேன். தாளைத் தூக்கிப் பிடித்து வாசித்தேன்.

"பிரதிவாதியின் பேரன் பெயர் சங்கரலிங்கம். பிரதிவாதியின் கணவர் பெயரும் சங்கரலிங்கம். இரண்டையும் பிரதிவாதி மறக்கவில்லை."

பிச்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பரணி சுவரிலிருந்த அப்பாவின் படத்தைத் திரும்பிப் பார்த்தான், கூப்பிட்ட குரலுக்கு யாரோ எழுந்து வந்துவிடுவார் என்பதுபோல.

"அம்மா..." என்றான்.

"இன்னும் முடியவில்லை. எதிர்க்கோரிக்கை இருக்கிறது. கூடுதல் சாவி பிரதிவாதியிடம் திருப்பித் தரப்பட வேண்டும். பிரதிவாதி இல்லாதபோது அவள் அறைக்குள் யாரும் வரக்கூடாது. வாதி போன் செய்தால் ரத்த அழுத்தத்துக்கு முன்னால் பாடத்தைப் பற்றிக் கேட்க வேண்டும்."

தாளைக் கடைசி வரிவரை வாசித்தான். "சரிம்மா. நவம்பர் எக்ஸாம் முடியட்டும். அப்புறமா பெங்களூரைப் பத்திப் பேசலாம்."

"இது வாய்தா கேட்பது. வாய்தா கிடையாது."

சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. சாவியை மேசையில் வைத்தான். தரகருக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றான். மோர்க்குழம்பு இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டான்.

கிளம்பும்போது நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "அந்த 'ஸ்ட்ரிக்ட் ப்ரூஃப்'னு எழுதியிருக்கீங்களே, அப்படின்னா என்னம்மா?" என்று வாசலில் நின்று கேட்டான். சொன்னேன். குற்றம் சாட்டியவரே அதைக் கண்டிப்பாக நிரூபிக்க வேண்டும் என்று. கால்மணி நேரம் நின்று கேட்டான்.

பிச்சம்மாள் மட்டும் படியிறங்கியபின் திரும்பி, "பேரைச் சொல்லிட்டியளே மதினி" என்றாள். குற்றச்சாட்டா, பொறாமையா, தெரியவில்லை. அவள் வீட்டுக்காரர் பெயர் ஆவுடையப்பன். அவளும் ஒருநாளும் சொன்னதில்லை.

அக்டோபர் 13, திங்கள்

குடும்பக் குழுவில் என் எதிருரையைப் போட்டேன், முதல் பத்தி உட்பட. கும்பிடு பொம்மைகள் வந்துகொண்டிருக்கின்றன. முழுவதும் வாசித்துவிட்டுப் போடும்படி கீழே எழுதியிருக்கிறேன்.

காஜா சாரிடம் ஒரு நகல் காட்டினேன், பெயர்களை மறைத்து. பயிற்சி என்றேன். படித்துவிட்டு, "முதல் பத்தியை ஒப்புக்கிட்டது நல்ல உத்தி, யார் யோசனை?" என்றார். இசக்கி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கட்சிக்காரர் பிடிவாதம்" என்றேன்.

காலையில் பால் வைத்தேன். பொங்கி அடங்கி அணைக்கும்வரை அடுப்படியை விட்டு நகரவில்லை. இது ஒப்புதல் அல்ல, முன்னெச்சரிக்கை. சட்டத்தில் இரண்டும் வேறு.